மீன் நிற்க ஓர் இடம்

"கைய எடுய்யா! அந்தக் கதவுலருந்து கைய எடுங்கறேன்ல! எங்கப்பா என் தங்கச்சிக்குச் சீராக் குடுத்த அலமாரி, அதுல ரம்பத்தப் போடுற?"

"போட்டாச்சு மதினி. இப்பக் கத்தி என்ன ஆகப்போவுது?"

"நான் கத்துறேனா? இது கத்துறதா? நான் கத்தினா ஏ வாசல்காரங்க எறங்கி வருவாங்க!"

ஏ வாசல்காரர்கள் வரவில்லை. ஆனால் எங்கள் பி வாசலில் நான்கு மாடியிலும் கதவுகள் விரலளவுக்குத் திறந்துகொண்டன. சண்டை என்றால் வெளியே வந்து வேடிக்கை பார்ப்பது எங்கள் கட்டடத்தில் நாகரிகமில்லை. கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடுவதுபோல் உள்ளேயே குனிந்து நிற்போம். அன்றைக்கு ரொம்பப் பேருக்குச் செருப்பு காணாமல் போயிருந்தது.

மூன்றாம் மாடிப் படியில் இலாரியே, வால்நட் பலகைக் கதவு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். எதிரே அவன் மனைவியின் அக்கா அக்லாயா. இரண்டாம் மாடிக்காரி. கையில் சோளக்களி கிண்டிய கரண்டி, அதன் நுனியில் களி காய்ந்துகொண்டிருந்தது.

"சரி, அந்த மீனு எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா?"

"குளியலறையில."

"கண்ணாடி மீனக் கொண்டுபோயிக் குளியலறையிலயா வச்சிருக்க? நீந்தட்டும்னா?"

"வேற எங்க வைக்க? இந்தப் புது டிவி மேல நிக்குமா அது? ஈ உக்காரவே எடமில்ல."

அது உண்மைதான். எங்கள் பகாவ் நகரத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும், பெட்டி டிவியின் தலையில் ஒரு பூப்பின்னல் லேசுத் துணி, துணி மேல் வாயைப் பிளந்துகொண்டு ஒரு வண்ணக் கண்ணாடி மீன். இலாரியேவின் மனைவி ஸெனோவியாவின் மீன் செம்மஞ்சள் நிறம், வால் பச்சை. இத்தாலியில் அவள் பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகன் தன் தட்டை டிவியை மாற்றியபோது, பழையதைப் போர்வையில் சுற்றி மினி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். வந்தது டிவி, போனது மீன்.

"ஈஸ்டருக்கு என் தங்கச்சி வந்து மீனு எங்கன்னு கேப்பா. அப்பப் பாத்துக்கறேன்." அக்லாயா இரண்டு படி இறங்கினாள். பிறகு, இறங்கினது வீணாகக் கூடாது என்பதுபோல் திரும்பினாள். "பொண்டாட்டி நாடு விட்டு நாடு போறப்ப பஸ் வரைக்கும்கூட வராத மனுசன், இப்ப அவளுக்கு வீட்டுலயே சினிமா காட்டப் போறானாம்!"

இலாரியேவுக்குக் காது மடல் வரை சிவந்தது. பலகையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தக்கூட ஒரு உரிமை வேண்டுமே.

மரச்சாமான் தொழிற்சாலையில் மேற்பலகை ஒட்டுகிற பிரிவில் இருந்தவன் இலாரியே. அதை மூடிய பிறகு வேலை என்று எதுவும் நிலைக்கவில்லை. யாராவது கூப்பிட்டால் போய்ச் சமையலறை அலமாரி மாட்டிக் கொடுப்பான். ஸெனோவியா அதற்குள் முடிவெடுத்துவிட்டாள். இத்தாலியில், பெர்கமோவில் ஒரு கிழவி, அவளைக் குளிப்பாட்ட, ஊட்ட, தூங்க வைக்க ஆள் வேண்டும். போய் ஆறு வருஷம். ஈஸ்டருக்கு வருவாள், ரெண்டு வாரம் இருப்பாள், ஜன்னல் எல்லாம் துடைப்பாள், கம்பளத்தைக் கீழே கொண்டுபோய்க் கம்பியில் போட்டு அடிப்பாள், திரும்பிப் போவாள். முதல் தடவை போனபோது அவன் பஸ்ஸுக்கு ஏன் வரவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கே இருந்தது.

மாசி மாதம் போனில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள்: "கெழவி தூங்குனப்புறம் டிவி முன்னாடி உக்காருவேன். என்ன படம் வேணும்னாலும் வருது. ஒரு இரைச்சல் கிடையாது. அது ஒன்னுதான் எனக்கு இங்க நிம்மதி." அவளுக்கு அது வெறும் பேச்சு. இலாரியே அதை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டான். நிம்மதி என்பது டிவிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பெட்டியா? பெட்டி செய்யத்தானே அவனுக்குத் தெரியும்.

அப்படித்தான் ஆரம்பித்தது, டிவியில் படம் ஓட்ட அந்தக் கம்ப்யூட்டர்.

வழிகாட்டி சில்வியு. கட்டடத்துக்குக் கட்டடம், பால்கனிக்குப் பால்கனி, துணிக்கொடிகளோடு கொடியாக வயர் இழுத்து எங்கள் பேட்டைக்கே இணையம் கொடுத்தவன். அக்லாயா வீட்டில், அவள் மகள் ரமோனாவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் வாரத்துக்கு மூன்று தடவை வயர் பழுதாகும். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், அக்லாயாவைத் தவிர.

"புதுசு எதுவும் வாங்காதீங்கண்ணே," என்றான் சில்வியு. "நோட்டரி ஆபீஸ்ல பழசத் தூக்கிப் போடுறாங்க. மதர்போர்டுப் பலகையும் மூளையும் அதுலயே வந்துரும். மின்சாரப் பெட்டி மட்டும் கையில தூக்கிப் பாத்து வாங்குங்க. லேசா இருந்தா உள்ள காத்துதான்."

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பனி உருகிய சேற்றுக்குள் கால் புதைய, இலாரியே மின்சாரப் பெட்டிகளைத் தர்பூசணி மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். விற்கிறவன், "தட்டியும் பாருமேன்," என்றான். தட்டியும் பார்த்தான். வீட்டுக்கு வந்து மாட்டினால், அது வேலை செய்தது; ஆனால் மாவு மில் மாதிரி இரைந்தது.

இரைச்சல் கூடாது. அவள் சொன்னது அதைத்தான். சின்ன விசிறியைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மெதுவாகச் சுற்றும்படி மாட்டினான். படங்கள் சேர்கிற ஹார்ட் டிஸ்க் தட்டு மேசை மரத்தில் பட்டு உறுமியது. அதைத் தன் பழைய உள்ளாடைகளிலிருந்து உருவிய எலாஸ்டிக்கில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டான். சில்வியு குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதப் புத்தகத்துல எழுதலாம்," என்றான், "யாரோட எலாஸ்டிக்னு மட்டும் எழுத வேணாம்." தரமான படங்கள் திக்கித் திக்கி ஓடின, அதற்கென்று விசிறியில்லாத ஒரு வீடியோ கார்டு மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு வக்கீலம்மா வீட்டுச் சமையலறை முழுவதையும் மாட்டிக் கொடுத்தான்.

இதெல்லாம் உட்கார ஒரு கூடு வேண்டும். கடையில் விற்கிற தகரக் கூடு, அலமாரியில் ஒட்டாத பல் மாதிரித் தெரியும். அதனால்தான் அலமாரிக் கதவையே அறுத்தான். அதே வால்நட், அதே ரேகை. மூலைகளைப் பொருத்தி, அரம் போட்டு, மெழுகு தேய்த்து அலமாரி மேல் வைத்தபோது, அலமாரியே அதைப் பெற்றெடுத்ததுபோல் இருந்தது. மேல்பலகையில் மட்டும் வரிவரியாகச் சின்ன ஓட்டைகள்.

"இந்த ஓட்டைங்க வழியாத்தான் சூடு போகணும்," என்றான் சில்வியு. "இத மட்டும் மூடிறாதீங்க. மூடினா செத்துரும்."

சில்வியு இன்னொன்றும் செய்தான். கேமரா ஒன்று கொண்டுவந்து டிவிக்கு மேல் ஒட்டினான், இத்தாலியோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று. எப்படிப் பதிவு செய்வது, எங்கே சேர்ப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் வீட்டில் யாருமில்லை. என்றைக்குமே இல்லை. இலாரியே சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"ஸெனோவியா. இது வேலை செய்யுதான்னு பாக்கத்தான் பேசுறேன். அலமாரிக் கதவ அறுத்துட்டேன். உங்கக்கா கத்தினா." கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்தான். "நீ ஒன்னு நெனச்சிட்டிருக்க. கேக்க மாட்ட, ஆனா நெனச்சிட்டிருக்க. நீ மொத மொத பஸ் ஏறின அன்னிக்கு நான்... நான் வந்தேன். குப்பை வாளியத் தூக்கிட்டு வந்தேன், வீட்டுச் செருப்போட. யாராவது கேட்டா குப்பை கொட்டப் போறேன்னு சொல்லிக்கலாம்ல. பஸ்ஸுக்குப் பக்கத்துல பேப்பர் விக்கிற கியாஸ்க்குக்குப் பின்னாடி நின்னேன். நீ கைக்குட்டையால சன்னலத் தொடச்சுத் தொடச்சுப் பாத்த. எனக்கு வெக்கமாப் போச்சு. பொண்டாட்டிய யாரோ ஒரு கெழவியக் கழுவிவிட அனுப்பிட்டு, கை ஆட்டிட்டு நிக்கிற ஆம்பள நானான்னு. பஸ் போயிருச்சு. வாளியக் கொட்டவே இல்ல. அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். நீ போகாத, ஸெனோவியா. இனிமே போகாத."

பிறகு அதைப் போட்டுப் பார்த்தான். திரை முழுக்கத் தன் மூக்கு. பாதியிலேயே நிறுத்திவிட்டான். அனுப்புகிற தைரியமில்லை, அழிக்கவும் மனமில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே இடத்தில், சில்வியு காட்டிக் கொடுத்த படங்கள் சேரும் ஃபோல்டரில், 'ஸெனோவியாவுக்கு' என்று பெயரிட்டுப் போட்டு வைத்தான்.

மூன்று நாள் கழித்துக் குப்பை கொட்டக் கீழே இறங்கினான். வாசல் பெஞ்சில் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கவ்ரிலெஸ்கு. பட்டாளத்தில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னப்பா இலாரியே, குப்பை கொட்டவா? இல்ல, பஸ்ஸுக்கா?"

பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். இலாரியே ரெண்டடி நடந்த பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. வாளியைப் பற்றி இந்த உலகத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேமராவைத் தவிர.

வாளியோடு நேரே சில்வியுவைத் தேடிப் போனான்.

"அண்ணே, நெட்வொர்க்ல எடுக்கணும்னா நாமளும் கொடுக்கணும். அதுதானே இங்க சட்டம்? உங்க படங்கள் இருக்கிற எடத்த எல்லாரும் எடுக்குற மாதிரித் தொறந்து விட்டேன். சொன்னேன்ல?"

"படத்தச் சொன்ன."

"அது படத்தோடதானே கெடந்துச்சு. ஜனங்க ஏதோ சீரியல்னு எடுத்திருக்காங்க."

"மூடு அத."

"மூடிர்றேன். ஆனா எடுத்தவங்ககிட்டருந்து புடுங்க முடியாது."

"நீ பாத்தியா?"

சில்வியு கையிலிருந்த வயரின் முனையை உற்றுப் பார்த்தான். "ஒரு தடவ."

"மதினி?"

"ரமோனா கம்ப்யூட்டர்ல..." சில்வியு வயரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒரு தடவன்னு சொல்ல முடியாதுண்ணே."

கேலி செய்தவர்களைக்கூட அவனால் தாங்க முடிந்தது. கேலி செய்யாதவர்கள்தான் அவனைக் கொன்றார்கள். நான்காம் மாடிக்காரி, அவனோடு நாலு வருஷமாகப் பேசாதவள், மூடி போட்ட கிண்ணத்தில் பீன்ஸ் மசியலைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடினாள். கடையில் ரொட்டிக்காரி அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து குப்பையைப் பையில் சுற்றிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனான். திருடுகிறவன்கூட அவ்வளவு பதுங்க மாட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று ஸெனோவியா வந்தாள். சேறு காய்ந்து, கஷ்கொட்டை மரங்கள் பிசுபிசுவென்று மொட்டு விட்டிருந்தன. கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ரேகையோடு ரேகை சேர்கிற இடத்தில் விரலை ஓட்டினாள்.

"நீ செஞ்சதா?"

"ம்."

"மீனு எங்க?"

குளியலறையிலிருந்து மீனைத் தானே எடுத்து வந்து துடைத்தாள். இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த லேசுத் துணியை எடுத்தாள். பெட்டியின் மேல் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டு, அதன் நடுவில் மீனை வைத்தாள். ஓட்டைகள் அத்தனையும் துணிக்குக் கீழே போய்விட்டன.

இலாரியே வாயைத் திறந்தான். ஆறு வருஷமாக இந்த வீட்டுக்கு விருந்தாளியைப் போல வந்து போனவள், இந்தத் தடவை வந்ததும் முதல் வேலையாகத் தன் பொருளைத் தன் கையால் ஒரு இடத்தில் வைத்திருக்கிறாள். எடு என்று எப்படிச் சொல்வது?

"நல்லாருக்கு," என்றான்.

ஒரு வாரம் அது தாக்குப்பிடித்தது. அவள் துணி துவைத்தாள், ஜன்னல் துடைத்தாள், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து பெரிய பானையில் அடுக்கினாள், வெங்காயச் சருகில் முட்டைகளைச் சிவப்பாக்கினாள். படம் பார்க்க நேரமில்லை. இலாரியே அவள் குளிக்கப் போகும்போது மட்டும் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பெட்டிக்குக் காற்று காட்டுவான்.

ஈஸ்டர் அன்று அக்லாயா, ரமோனா, சில்வியு எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வந்தார்கள். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்." "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்." முட்டையோடு முட்டை மோதி, அக்லாயாவின் முட்டை எல்லாருடையதையும் உடைத்தது. ஆட்டிறைச்சி காலியாகி, இனிப்பு ரொட்டி பாதியானதும், ஸெனோவியா மேசையைத் துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"பெஞ்சுல எல்லாரும் என்னைய ஒரு மாதிரிப் பாக்குறாங்க. என் பேர்ல ஒரு படம் ஓடுச்சாமே? எல்லாரும் பாத்தாச்சு, நான்தான் பாக்கல."

இலாரியே சில்வியுவைப் பார்த்தான். சில்வியு ரமோனாவைப் பார்த்தான். ரமோனா உப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அது ஒன்னுமில்ல," என்றான் இலாரியே. "சும்மா, வேலை செய்யுதான்னு."

"அப்ப இவங்க ஏன் மூஞ்சியத் திருப்புறாங்க? போடு."

"இவங்க போகட்டும்."

"ஏன் போகணும்? எனக்கு முந்தியே பாத்தவங்கதானே? போடுங்கறேன்ல."

போட்டான். ரிமோட்டின் தப்பான பொத்தானை ரெண்டு தடவை அழுத்தினான். திரை முழுக்க அவன் முகம் வந்தது, தண்ணீர் தொட்டு வாரிய தலையோடு. அறைக்குள் அவன் நின்றான், திரையில் அவன் உட்கார்ந்திருந்தான். எந்த இலாரியேவைப் பார்க்காமலிருப்பது என்று தெரியாமல் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். ஸெனோவியா மட்டும் திரையைப் பார்த்தாள்.

"...உங்கக்கா கத்தினா. நீ ஒன்னு நெனச்சிட்டிருக்க. கேக்க மாட்ட, ஆனா நெனச்சிட்டிருக்க. நீ மொத மொத பஸ் ஏறின அன்னிக்கு நான்..."

திரை கறுத்தது. பெட்டிக்குள் ஏதோ 'டிக்' என்றது. மெழுகு சூடேறிய வாசனை வந்தது.

"நான்?" ஸெனோவியா அவன் பக்கம் திரும்பினாள். "நான்? அப்புறம் என்ன?"

அந்த மேசையில் மிச்சம் என்ன என்று தெரியாதவள் அவள் ஒருத்திதான். அக்லாயாவின் உதடுகள் அசைந்தன. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் அவற்றைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். இலாரியேவுக்குக் கேமராவுக்கு முன்னால் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை, நேரே அந்தக் கண்களைப் பார்த்ததும் வாளியோடு எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"துணி," என்றான். "துணி ஓட்டைய மூடிருச்சு. சூடாயிருச்சு."

ஸெனோவியா எழுந்தாள். மீனையும் துணியையும் எடுத்துக்கொண்டாள். "அப்ப என் மீனுதான் குத்தம்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சில்வியு பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "மதர்போர்டு போச்சுண்ணே," என்றான். எலாஸ்டிக் தொட்டில் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைத் திருப்பாமல் கேட்டாள். "நாளைக்குப் போறேன். ஏதாவது சொல்லணுமா?"

"கெழவி காத்திட்டிருப்பா," என்றான் இலாரியே. சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆமா. அவளாவது காத்திட்டிருப்பா."

"நாளைக்கு எனக்கு ஒரு சமையலறை மாட்ட வேண்டியிருக்கு," என்றான். எந்தச் சமையலறையும் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

மறுநாள் அக்லாயாதான் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு தங்கையோடு போனாள். அவர்கள் முனை திரும்பியதும், இலாரியே வாளியை எடுத்தான். வீட்டுச் செருப்பு. படியில் கவ்ரிலெஸ்கு எதிரே வந்தார். வாளியைப் பார்த்தார், விதை மெல்லுவதை நிறுத்தினார், ஒதுங்கி வழிவிட்டார்.

கியாஸ்க்கின் பின்பக்கம் இன்னும் அதே தகரம்தான், துரு மட்டும் கூடியிருந்தது. அங்கே நின்று எட்டிப் பார்த்தான். ஸெனோவியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை, வெளியே பார்க்கவும் இல்லை. மடியில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்துப் பார்த்த ஜன்னலுக்காக ஆறு வருஷம் வெட்கப்பட்டவன், இப்போது அந்தக் கைக்குட்டைக்காக ஏங்கினான்.

அக்லாயா பஸ்ஸுக்குள் ஏறிப் பையை மேலே வைத்தாள். தங்கையை முத்தமிட்டாள். இறங்கப் போனவள் நின்றாள். மறுபடி குனிந்தாள். அவள் வாய் தங்கையின் காதோரம் அசைந்துகொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. கைகூடப் பேசியது. வாளி தூக்குவதுபோல் ஒரு கை. இலாரியேவுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, ஆனால் அவள் பேச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவனுக்கு வரிக்கு வரி தெரிந்தது. செருப்பு. கியாஸ்க். கைக்குட்டை. அத்தனை தடவை பார்த்தவளுக்கு மனப்பாடம் ஆகாதா?

ஸெனோவியாவின் தலை மெதுவாகத் திரும்பியது. நேராகக் கியாஸ்க்கைப் பார்த்தாள்.

ஓடிவிடலாம் என்று நினைத்தான். வீட்டுச் செருப்பில் எங்கே ஓடுவது? டிரைவர் ஏதோ திட்டுவது கேட்டது. பிறகு அவள் காலடி. தகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். செருப்பைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"இன்னுமா கொட்டல அத?"

"இல்ல," என்றான்.

வாளியை அவன் கையிலிருந்து பிடுங்கி, கியாஸ்க் பக்கத்துத் தொட்டியில் கவிழ்த்து, அடியில் ரெண்டு தட்டுத் தட்டி, திரும்பக் கொடுத்தாள்.

"கடைசி வார்த்தையையும் அக்கா சொல்லிட்டா. அவ வாயால கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? நீ சொல்லு."

டிரைவர் ஹாரனை அழுத்தினான். பஸ் முழுக்க ஜன்னலில் முகங்கள்.

"போகாத," என்றான் இலாரியே, எல்லாருக்கும் கேட்கும்படி.

அவள் போனாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவியை அப்படியே விட்டுவிட முடியுமா என்ன? ஆனால் ஜன்னலை உள்ளேயிருந்து முழங்கையால் துடைத்தாள், அவன் காலி வாளியை ஆட்டினான். நாங்களும்தான் பார்த்தோம். பாதிப் பேட்டை அன்றைக்குத் தற்செயலாக அந்தப் பக்கம் போயிருந்தது.

கோடை முடிவதற்குள் இலாரியே வீட்டைப் பூட்டிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினான். பெர்கமோவில் ஒரு தச்சுப்பட்டறையில் கதவு செய்கிறானாம். கிழவி போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை, ரெண்டு அறை எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். ரமோனா அந்த இலையுதிர்காலத்தில் சில்வியுவைக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் மாடி வீட்டில் இப்போது அவர்கள்தான் குடியிருக்கிறார்கள். மாப்பிள்ளையை அக்லாயா இன்னும் வயர்க்காரன் என்றுதான் சொல்கிறாள்.

போன வாரம் அவர்களிடம் உப்புக் கடன் வாங்கப் போனபோது கூடத்தை எட்டிப் பார்த்தேன். வால்நட் பெட்டி அதே இடத்தில் இருக்கிறது, மேலே லேசுத் துணி, துணி மேல் மீன். உள்ளே ஒன்றும் கிடையாது, சில்வியு எப்போதோ எல்லாவற்றையும் உருவிவிட்டான். அப்புறம் எதற்கு இந்தப் பெட்டி என்று கேட்டதற்கு, மீன் எங்கே நிற்கும் என்று ரமோனா என்னையே திருப்பிக் கேட்டாள்.